கதிர்வீச்சுச் சிகிச்சை வாய்ப்புண்

கதிர்வீச்சுச் சிகிச்சை வாய்ப்புண் என்பது தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கப்படும்போது வாயின் உட்புறத்தையும் தொண்டையையும் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு சிவந்து, உரிந்து, புண்ணாகும் நிலை ஆகும். மருத்துவ நூல்களில் இது வாய்ச் சளிச்சவ்வு அழற்சி எனப்படும். மருத்துவமனைகளில் மியூகோசைட்டிஸ் என்ற சொல்லே புழக்கத்தில் உள்ளது.

வாய் அல்லது தொண்டையில் கதிர் படும் நோயாளிகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஏதோ ஒரு அளவில் இப்புண் வருகிறது. மூவரில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்குத் திட உணவு உண்ண முடியாத அளவுக்குக் கடுமையாகிறது. இது புற்றுநோய் பரவுவதன் அறிகுறி அன்று, தொற்றுநோயும் அன்று. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆயினும் வலியாலும் பட்டினியாலும் நோயாளி சிகிச்சையை இடையில் நிறுத்தினால் புற்றுநோய் குணமாகும் வாய்ப்பு குறைகிறது. எனவே புண்ணை ஆற்றுவது மட்டுமன்றி, புண் இருக்கும்போதே நோயாளி உண்டு, உறங்கி, கதிர்வீச்சின் கடைசி நாள் வரை வந்து சேர உதவுவதும் இதன் மேலாண்மையின் முதன்மை நோக்கமாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் உள்ளது. புகையிலை, வெற்றிலையுடன் மெல்லும் பாக்கு, மது ஆகியவை இதன் முக்கியக் காரணிகள். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது.

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ, அறுவை இல்லாமலோ கதிர்வீச்சு தரப்படுகிறது. தமிழ்நாட்டில் பேச்சுவழக்கில் இதைக் 'கரண்ட் வைத்தல்' என்பர். உண்மையில் இதில் மின்சாரம் உடலில் பாய்ச்சப்படுவதில்லை; உயர் ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களே பயன்படுகின்றன. வழக்கமாக நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு 5 நாட்கள், 6 முதல் 7 வாரங்கள் அளிக்கப்படும். மொத்த அளவு 60 முதல் 70 கிரே வரை இருக்கும். நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு இதனுடன் சிஸ்பிளாட்டின் என்னும் வேதிமருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது. இம்மருந்து கதிர்வீச்சின் வலிமையைக் கூட்டுகிறது. அதே வேளையில் வாய்ப்புண்ணையும் கூட்டுகிறது.

புண் உருவாகும் விதம்

வாயின் உட்தோல் உடலில் மிக விரைவாகப் புதுப்பிக்கப்படும் திசுக்களுள் ஒன்று. அதன் அடியடுக்கில் உள்ள செல்கள் இடைவிடாது பிரிந்து, மேலடுக்கில் உதிரும் செல்களுக்கு மாற்றாகின்றன. ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்களில் இந்தச் சுற்று முடிகிறது. விரைந்து பிரியும் செல்களையே கதிர்வீச்சு அதிகம் தாக்கும் என்பதால் புற்றுச் செல்களோடு இந்த அடியடுக்கும் பாதிக்கப்படுகிறது. உதிர்வது தொடர, புதிதாக உருவாவது குறைய, சவ்வு மெலிந்து இறுதியில் கிழிகிறது.

செல்கள் மடிவது மட்டுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் வாய்நோய் அறிஞர் ஸ்டீபன் சோனிஸ் 2004இல் விளக்கிய ஐந்து கட்ட மாதிரி இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அதன்படி முதலில் கதிர்வீச்சு செல்களின் டிஎன்ஏவைச் சிதைத்து, தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. இரண்டாவதாக, சவ்வுக்கு அடியில் உள்ள திசுவில் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் சுரக்கின்றன. மூன்றாவதாக, அப்புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிப் பெருகுகின்றன. நான்காவதாகப் புண் வெளிப்படையாகத் தோன்றுகிறது. வாயில் உள்ள பாக்டீரியாக்கள் அதில் குடியேறி அழற்சியை மேலும் வளர்க்கின்றன. ஐந்தாவது கட்டம் ஆறுதல். முதல் மூன்று கட்டங்களில் வெளியே எதுவும் தெரியாது. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்தே வாய்ப் பராமரிப்பைத் தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

காலப்போக்கு

கதிர்வீச்சு தொடங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலும் தொல்லை எதுவும் இருக்காது. இரண்டாம் வார இறுதியில், ஏறத்தாழ 20 கிரே ஆகும்போது, வாய் சிவந்து எரியும். காரம் உறைப்பாகத் தெரியும். மூன்றாம் வாரத்தில் வெண்மையான அல்லது மஞ்சள் நிறப் படலம் மூடிய புண்கள் தோன்றும். ஐந்தாம் வாரத்துக்குப் பின் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகலாம். எச்சில் கெட்டியாகிப் பசைபோல் ஒட்டும், சுவை மங்கும்.

கதிர்வீச்சு முடிந்த உடனேயே புண் ஆறத் தொடங்குவதில்லை. முடிந்த பிறகும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை நிலைமை அப்படியே இருக்கலாம். சற்று மோசமாகவும் ஆகலாம். இதை முன்கூட்டி அறியாத குடும்பத்தினர் சிகிச்சை தோற்றுவிட்டதாக அஞ்சுவது உண்டு. அதன் பிறகு சில வாரங்களில் படிப்படியாக ஆறும். வேதிமருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு இது இன்னும் நீளலாம்.

தர அளவை

உலக சுகாதார அமைப்பு 1979இல் வெளியிட்ட அளவை எளிமையானது. இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

தரம் 0: மாற்றம் எதுவும் இல்லை.
தரம் 1: வாய் எரிச்சல், சிவத்தல்.
தரம் 2: புண் உண்டு, திட உணவு உண்ண முடியும்.
தரம் 3: புண் உண்டு, நீர் உணவு மட்டுமே இறங்கும்.
தரம் 4: வாய் வழியாக எதுவும் உட்கொள்ள முடியாது.

இவ்வளவையில் புண்ணின் தோற்றத்தோடு நோயாளி என்ன உண்ண முடிகிறது என்பதும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது 'வலிக்கிறது' என்று மட்டும் கூறாமல், 'நேற்று வரை இட்லி இறங்கியது, இன்று கஞ்சிதான் இறங்குகிறது' என்று கூறுவது சரியான தரத்தை அறிய உதவும்.

கடுமையைக் கூட்டும் காரணிகள்

வாய்ப் பகுதியில் கதிர் படும் பரப்பு பெரிதாக இருத்தல், வேதிமருந்து சேர்த்துத் தரப்படுதல், நாளொன்றுக்கு ஒரு முறைக்கு மேல் கதிர்வீச்சு பெறுதல் ஆகியவை சிகிச்சை சார்ந்த காரணிகள். புகையிலை, மது ஆகியவற்றைத் தொடர்தல், சொத்தைப்பல், ஈறு நோய், உடல் மெலிவு, வாய் உலர்தல் ஆகியவை நோயாளி சார்ந்தவை. இரண்டாம் வகையில் உள்ளவற்றுள் பலவற்றைச் சிகிச்சைக்கு முன்பே சீர்செய்ய இயலும்.

இடைநிறுத்தத்தால் வரும் இழப்பு

கதிர்வீச்சு தொடங்கி ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழித்து, தப்பிய புற்றுச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. ரோட்னி விதர்ஸ் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சுட்டிக்காட்டியது. அதன்படி, இக்கட்டத்துக்குப் பின் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளும் ஏற்படும் புதுப் பெருக்கத்தை ஈடுசெய்ய ஏறத்தாழ 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 முதல் 1.4 சதவீதம் வரை குறையும் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

வாய்ப்புண் உச்சத்தை எட்டுவதும் இதே வாரங்களில்தான். 'புண் ஆறட்டும், ஒரு வாரம் கழித்து வருகிறோம்' என்று ஊருக்குத் திரும்பும் முடிவு இயல்பானதாகத் தோன்றினாலும், புற்றுநோய்க்கு அது மிகவும் சாதகமான வாரமாக அமைந்துவிடுகிறது. தவிர்க்க முடியாமல் ஓரிரு நாட்கள் விடுபட்டால், சனிக்கிழமை சிகிச்சை அளித்தோ, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இருமுறை அளித்தோ ஈடுசெய்ய மருத்துவர்கள் முயல்வர். அதற்கு விடுப்பு எடுத்த செய்தி உடனே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிகிச்சைக்கு முந்தைய ஏற்பாடுகள்

கதிர்வீச்சு தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் வாய் முழுவதையும் காட்டுவது இன்றியமையாதது. காப்பாற்ற முடியாத பற்களைக் கதிர்வீச்சு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் பிடுங்கிவிடுவர். அந்தக் காயம் ஆற அவ்வளவு காலம் தேவை. கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் மடிந்துபோகும் இடர் உண்டு. கூரான பல் முனைகளை மழுக்குதல், பற்காரை நீக்குதல், பொருந்தாத பல்செட்டைக் கழற்றிவைத்தல் ஆகியவையும் இப்போதே செய்யப்படும்.

கதிர்வீச்சுத் திட்டமிடலிலும் புண்ணைக் குறைக்க வழி உண்டு. கதிரின் செறிவைப் பகுதிக்கு ஏற்ப மாற்றும் ஐஎம்ஆர்டி முறையில், நோய் இல்லாத வாய்ப் பகுதிக்குச் செல்லும் அளவைக் குறைக்கலாம். பற்களில் உலோக நிரப்பி இருந்தால் அதில் பட்டுச் சிதறும் கதிர் அருகில் உள்ள கன்னத்தையும் நாக்கையும் புண்ணாக்கும். அவற்றைத் தள்ளிவைக்கும் வாய்த் தடுப்பு பயன்படுத்தப்படுகிறது.

அன்றாட வாய்ப் பராமரிப்பு

எந்த மருந்தையும்விட முதன்மையானது வாயைத் தூய்மையாகவும் ஈரமாகவும் வைத்திருத்தல். இதற்குப் பெரும் செலவு இல்லை.

பல் துலக்குதல்: மிக மென்மையான தூரிகையால், ஃபுளூரைடு கலந்த, காரமில்லாத பற்பசையைக் கொண்டு நாளுக்கு இருமுறையேனும் துலக்க வேண்டும். தூரிகையை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் மேலும் மென்மையாகும். பற்பசை எரிந்தால் சில நாட்கள் வெறும் நீரில் துலக்கலாம். வேப்பங்குச்சி, கரித்தூள், உப்புத்தூள், பற்பொடி ஆகியவை மெலிந்த சவ்வைக் கீறிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கொப்பளித்தல்: காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்த கரைசல் போதுமானது. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒருமுறையும், ஒவ்வொரு உணவுக்குப் பின்னும், உறங்கும் முன்னும் ஒரு வாய் அளவு எடுத்து மெதுவாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இது புண்ணை ஆற்றும் மருந்து அன்று. ஆனால் உணவுத் துணுக்குகளை அகற்றி, கெட்டியான எச்சிலைத் தளர்த்தி, வாயின் அமிலத் தன்மையைக் குறைக்கிறது. கரைசலை நாள்தோறும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். ஆப்ப சோடா என்று மளிகைக் கடைகளில் கிடைப்பதே சமையல் சோடா. துணி துவைக்கும் சலவைச் சோடா வாயை அரித்துவிடும் என்பதால் வாங்கும்போது கவனம் தேவை. பேக்கிங் பவுடரும் இதற்கு மாற்று ஆகாது.

உதடு: பெட்ரோலியம் ஜெல்லி போன்றவற்றை மெல்லப் பூசி வெடிப்பைத் தடுக்கலாம். கதிர்வீச்சுக்குச் செல்லும் முன் அதைத் துடைத்துவிட வேண்டும்.

பல்செட்: உண்ணும்போது மட்டும் அணிந்து, மற்ற நேரங்களில் கழற்றிவைக்க வேண்டும். புண் வந்த பிறகு முற்றிலும் தவிர்ப்பது நல்லது.

தடுப்பு முறைகள்

புற்றுநோயாளிகளின் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கமும் பன்னாட்டு வாய்ப் புற்றியல் சங்கமும் இணைந்து வெளியிடும் வழிகாட்டுதல் உலகளவில் பின்பற்றப்படுகிறது. அது 2020இல் புதுப்பிக்கப்பட்டது. தலை, கழுத்துக் கதிர்வீச்சு தொடர்பாக அதில் உள்ள முக்கியக் கருத்துகள் வருமாறு.

பென்சைடமின்: அழற்சியைக் குறைக்கும் வாய்க் கொப்பளிப்பு மருந்து. 50 கிரேக்குக் குறைவான கதிர்வீச்சு பெறுவோருக்குத் தடுப்பாகப் பரிந்துரைக்கப்படுகிறது. வேதிமருந்துடன் பெறுவோருக்கும் பயன்படுத்தலாம் எனக் கூறப்படுகிறது. சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே தொடங்குவது வழக்கம். எரிச்சல் இருந்தால் சம அளவு நீர் கலந்துகொள்ளலாம்.

ஒளிச் சிகிச்சை: குறைந்த ஆற்றல் கொண்ட சிவப்பு அல்லது அகச்சிவப்பை ஒட்டிய லேசர் ஒளியை வாயின் உட்புறத்தில் புள்ளி புள்ளியாகச் செலுத்துதல். இது வெப்பமோ வலியோ தராது. கருநாடகத்தின் மணிப்பாலில் 221 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், 632.8 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹீலியம்-நியான் லேசர் பெற்றவர்களுக்குக் கடுமையான புண்ணும் வலியும் குறைந்தன. புற்று இருக்கும் இடத்தின் மீது ஒளி படாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். இதற்கான கருவியும் பயிற்சி பெற்றவரும் எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை.

தேன்: தடுப்பாகப் பயன்படுத்தலாம் என்ற அளவில் 2020 வழிகாட்டுதலில் இடம்பெற்றது. மலேசியாவில் 40 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு இத்துறையில் தொடக்க காலத்தது. அதில் ஒவ்வொரு முறையும் 20 மில்லிலிட்டர் தேன், கதிர்வீச்சுக்கு 15 நிமிடம் முன்பும், 15 நிமிடம் பின்பும், 6 மணி நேரம் கழித்தும் தரப்பட்டது. தேனில் சர்க்கரை மிகுதி. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. மற்றவர்களும் தேனுக்குப் பின் வாயைக் கொப்பளித்துப் பற்களைக் காக்க வேண்டும்.

குளோர்ஹெக்சிடின்: கடைகளில் எளிதில் கிடைக்கும் இந்தக் கொப்பளிப்பு மருந்து ஈறு நோய்க்குப் பயன்படுவது. கதிர்வீச்சு வாய்ப்புண்ணைத் தடுக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே வழிகாட்டுதலின் கருத்து. ஆல்கஹால் கலந்த எந்தக் கொப்பளிப்பு மருந்தும் எரிச்சலைக் கூட்டும்.

வலியைக் கட்டுப்படுத்துதல்

வலி தணிந்தால்தான் நோயாளி உண்பார். உண்டால்தான் சிகிச்சை தொடரும். ஆகவே வலியைப் பொறுத்துக்கொள்வதில் நன்மை ஏதும் இல்லை.

லேசான வலிக்குப் பாரசிட்டமால் தரப்படும். அது காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால் மாத்திரைக்கு முன் உடல் வெப்பத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. இபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்வது ஆபத்தானது. சிஸ்பிளாட்டின் பெறுவோரின் சிறுநீரகத்தை அவை மேலும் பாதிக்கும்.

உணவுக்குச் சற்று முன் லிக்னோகைன் கூழ்மத்தை வாயில் வைத்துத் துப்பினால் சிறிது நேரம் மரத்துப்போகும். மிகுதியாகப் பயன்படுத்தினால் தொண்டையும் மரத்து, உணவு மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும்; தெரியாமல் கன்னத்தைக் கடித்துக்கொள்ளவும் நேரும். அமெரிக்காவில் 275 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், டாக்செபின் கொப்பளிப்பும், டைபென்ஹைட்ரமின், லிக்னோகைன், அமிலமுறி மருந்து ஆகிய மூன்றும் கலந்த கொப்பளிப்பும் முதல் நான்கு மணி நேர வலியை ஓரளவு குறைத்தன. 0.2 சதவீத மார்ஃபின் கொப்பளிப்பு வேதிமருந்துடன் கதிர்வீச்சு பெறுவோரின் வலிக்குப் பயன்படுத்தலாம் என வழிகாட்டுதல் கூறுகிறது.

புண் மூன்றாம் தரத்தை எட்டும்போது பலருக்கு மார்ஃபின் தேவைப்படும். மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்குத் திரவமாகவும், தோலில் ஒட்டும் ஃபென்டானில் பட்டையாகவும் வலிமருந்து தரப்படுகிறது. மார்ஃபின் என்றதும் 'கடைசிக் கட்டத்தில் கொடுப்பது', 'அடிமையாக்கிவிடும்' என்ற அச்சங்கள் எழுகின்றன. இங்கு அது சாவை எதிர்நோக்கித் தரப்படுவதன்று. குணமடைய வேண்டிய ஒருவர் சில வாரங்களைக் கடக்கத் தரப்படுவது. புண் ஆறியதும் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். மலச்சிக்கல் ஏறத்தாழ உறுதியாக வரும் என்பதால் மலமிளக்கியும் உடன் தொடங்கப்படும். இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு 2014இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபின் வைத்திருப்பதற்கான நடைமுறைகளை எளிதாக்கியது.

பூஞ்சைத் தொற்று

எச்சில் குறைந்த வாயில் கேண்டிடா என்னும் பூஞ்சை எளிதில் வளரும். தயிர்த் துகள் போன்ற வெண்படலம், திடீரெனக் கூடும் எரிச்சல், வாய் ஓரங்களில் வெடிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். புண்ணின் மேல் இயல்பாக உருவாகும் படலமும் வெண்மையாகவே இருப்பதால் இரண்டையும் வேறுபடுத்துவது வீட்டில் இயலாது. தொற்று உறுதியானால் நிஸ்டாட்டின், குளோட்ரைமசோல், ஃபுளூகோனசோல் போன்ற மருந்துகளால் விரைவில் கட்டுப்படும். படலத்தைத் துணியாலோ விரலாலோ சுரண்டி எடுக்க முயலக் கூடாது.

உணவு

சிகிச்சைக் காலத்தில் உடல் எடையுள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 25 முதல் 30 கிலோகலோரி ஆற்றலும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 1,500 முதல் 1,800 கிலோகலோரியும், 60 முதல் 90 கிராம் புரதமும் ஆகும். வாய் வலிக்கும்போது பல வீடுகளில் கஞ்சித் தண்ணீரும் இளநீரும் மட்டுமே தரப்படுகின்றன. அவை தொண்டைக்கு இதமானவை, நீரிழப்பையும் தடுக்கும். ஆனால் அவற்றால் இத்தேவையில் சிறு பகுதி மட்டுமே நிறைவேறும். குடிப்பதன் அளவைக் கூட்டுவதைவிட, குடிக்கும் ஒவ்வொரு வாயிலும் சத்தைக் கூட்டுவதே வழி.

இறங்கக்கூடியவை: குழைய வடித்த சாதத்தில் பாலோ, புளிக்காத தயிரோ சேர்த்துப் பிசைந்தது, பாலில் ஊறவைத்து மசித்த இட்லி அல்லது இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், பால் விட்ட சத்துமாவுக் கஞ்சி, மசித்த பாசிப்பருப்பு, நன்கு வேகவைத்து மசித்த முட்டை, முள் நீக்கிக் குழைத்த மீன், மசித்த வாழைப்பழம், தேங்காய்ப்பால். ஒரு தேக்கரண்டி நெய் ஏறத்தாழ 45 கிலோகலோரி தரும். ஒரு முட்டையிலும், 200 மில்லிலிட்டர் பாலிலும் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. கஞ்சியில் நெய்யும் பால் பவுடரும் சேர்ப்பதால் அளவு கூடாமலேயே சத்து கூடும்.

தவிர்க்க வேண்டியவை: மிளகாய், மிளகு, புளி, எலுமிச்சை, தக்காளி, ஊறுகாய், முறுக்கு, அப்பளம், வறுவல், சூடான காபி, தேநீர். வெற்றிலை பாக்கு, புகையிலை, மது ஆகியவற்றை முற்றிலும் நிறுத்த வேண்டும்.

உணவு ஆறி, அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். மூன்று வேளைக்குப் பதில் ஆறு அல்லது ஏழு முறை சிறிது சிறிதாக உண்பது எளிது. திரவ மார்ஃபின் எடுப்பவர்கள் மருந்து எடுத்து அரை மணி நேரம் கழித்து உண்டால் வலி குறைவாக இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஒரே எடைக்கருவியில் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். எடை குறைவதால் வேறொரு சிக்கலும் உண்டு: கதிர்வீச்சின்போது முகத்தை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் முகக்கவசம் தளர்ந்துபோகும், கதிர் குறித்த இடத்தில் படாமல் போகாதிருக்க மீண்டும் கவசம் செய்து திட்டமிட நேரும்.

உணவுக் குழாய்

வாய் வழியாகப் போதிய அளவு உண்ண முடியாதபோது மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தப்படும். மருத்துவமனைகளில் இது ரைல்ஸ் டியூப் எனப்படும். நீண்ட காலம் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றின் வழியே நேரடியாக இரைப்பைக்குக் குழாய் பொருத்தப்படும். குழாய் வைப்பது நிலைமை கைமீறிவிட்டதன் அடையாளம் என்று கருதி மறுப்பவர்கள் உண்டு. உண்மையில் இது தற்காலிக ஏற்பாடு. பட்டினியால் சிகிச்சை நிற்பதை இது தடுக்கிறது.

குழாய் வழியே உணவு தரும்போது நோயாளியைச் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். வடிகட்டிய உணவை மெதுவாகச் செலுத்தி, பின்னர் சிறிது நீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். குழாய் இருந்தாலும், மருத்துவர் தடை சொல்லாத வரை, நாள்தோறும் சிறிதளவேனும் வாய் வழியாக விழுங்க வேண்டும். விழுங்காமலே விட்டால் தொண்டைத் தசைகள் வலுவிழந்து, புண் ஆறிய பிறகும் உணவு இறங்காமல் போகலாம். வாயைத் திறந்து மூடும் தாடைப் பயிற்சியையும் விடாமல் செய்தால் வாய்ப்பூட்டு விழுவதைக் குறைக்கலாம்.

வீட்டு வைத்தியம்

சாதாரண வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை உண்பதும், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எடுப்பதும் தமிழரிடையே பரவலான வழக்கம். கதிர்வீச்சு வாய்ப்புண் ஊட்டச்சத்துக் குறைவாலோ உடல் சூட்டாலோ வருவதன்று. ஆகவே அவை இதை ஆற்றுவதில்லை. காரமின்றி மசித்த கீரையை உணவாக உண்ணத் தடையில்லை. மஞ்சள் குறித்துச் சில ஆய்வுகள் நடந்துள்ளன. அதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை. மஞ்சள்தூள், படிகாரம், சுண்ணாம்பு ஆகியவற்றைப் புண்ணின் மீது நேரடியாகத் தடவுவது தீங்கு தரும். வேறு மருத்துவ முறை மருந்துகள் எதையேனும் உட்கொண்டால் அதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், குறிப்பாக வேதிமருந்து பெறுவோருக்கு.
ஒரு நாள் முழுவதும் நீர்கூட இறங்காமை.
சிறுநீர் குறைதல், அடர்நிறமாதல், எழுந்தால் தலைசுற்றல்.
வாயிலிருந்து நிற்காத இரத்தக் கசிவு.
விழுங்கும்போது புரையேறி இருமல் வருதல்.
மூச்சுவிடும்போது கீச்சொலி, மூச்சுத்திணறல்.

இவற்றுள் மூச்சுத்திணறலும் இரத்தக் கசிவும் இரவு நேரமானாலும் காத்திருக்கத் தகாதவை.

குடும்பத்தினரின் பங்கு

இச்சிகிச்சையைப் பெரும்பாலோர் வெளிநோயாளிகளாகவே பெறுகின்றனர். கதிர்வீச்சு அறையில் நாளொன்றுக்குச் சில நிமிடங்களே கழிகின்றன. மற்ற நேரம் முழுவதும் வீட்டிலோ, மருத்துவமனைக்கு அருகில் எடுத்த வாடகை அறையிலோ கழிகிறது. ஆகவே கொப்பளிக்க நினைவூட்டுவது, மருந்து நேரத்தைக் கவனிப்பது, உண்ட அளவையும் எடையையும் ஒரு நோட்டில் குறிப்பது ஆகிய வேலைகள் உடனிருப்பவரையே சாரும். வாய் வலியால் நோயாளி பேசாமல் இருக்கக்கூடும். அந்த நோட்டே அவருக்காக மருத்துவரிடம் பேசும்.

ஆறிய பின்

புண் ஆறினாலும் வாய் உலர்வும் சுவைக் குறைவும் பல மாதங்கள் நீடிக்கலாம். சிலருக்கு எச்சில் முழுமையாகத் திரும்புவதில்லை. எச்சில் குறைந்த வாயில் பற்கள் விரைவாகச் சொத்தையாகும் என்பதால் ஃபுளூரைடு பயன்பாட்டையும் பல் பரிசோதனையையும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். கதிர்வீச்சு பெற்ற தாடையில் பல் பிடுங்கும் முன், கதிர்வீச்சு பெற்ற விவரத்தைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும்.

சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பின்னும் ஆறாத புண்ணையும், ஆறிய இடத்தில் புதிதாகத் தோன்றும் புண்ணையும் பழைய வாய்ப்புண் என்று விட்டுவிடக் கூடாது. அது தாடை எலும்பு மடிவதாலோ, புற்றுநோய் திரும்புவதாலோ ஏற்பட்டதாக இருக்கலாம். உடனே பரிசோதிக்க வேண்டும்.